லைவ் டிரான்ஸ்கிரைப்: தேக்காவில் தேறுமா?

எதிரில் இருப்பவர் பேசப் பேச அதை எழுத்தாக்கித் திரையில் ஓடவிடும் கூகளின் இலவசச் செயலி இது. ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான். காது கேளாதோருக்கான காலடெட் பல்கலைக்கழகத்துடன் (வாஷிங்டன்) சேர்ந்து உருவாக்கி 2019 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். முன்னின்று செய்த ஆய்வாளர் டிமிட்ரி கனெவ்ஸ்கிக்கே காது கேளாது. அது வடிவமைப்பில் தெரிகிறது.

திரை மூலையில் இருக்கும் இரட்டை வட்டத்தைப் பாருங்கள். உள்வட்டம் சுற்றுப்புற இரைச்சல், வெளிவட்டம் பேசுபவரின் குரல். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் எழுத்து தேறும். சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் மீன் வெட்டும் சத்தத்துக்கு நடுவே இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு வருவதெல்லாம் உளறல்தான். திறன்பேசியின் மைக் பெரும்பாலும் மின்னூட்டத் துளைக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த முனையைப் பேசுபவர் பக்கம் திருப்புங்கள், உறை அதை மூடியிருந்தால் கழற்றுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் சட்டையில் குத்தும் மைக்கைச் செருகிக் கடைக்காரரிடம் கொடுத்துவிடலாம்.

மொழித் தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதல் மொழியாகத் 'தமிழ் (சிங்கப்பூர்)', இரண்டாவதாக ஆங்கிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் அது கேட்காது. கீழே உள்ள பொத்தானைத் தட்டித்தான் மாற்ற வேண்டும். நம்மவர்கள் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பவர்கள் ஆயிற்றே! தமிழில் இருக்கும்போது ஆங்கிலச் சொல் விழுந்தால், ஒலியில் நெருங்கிய ஏதோ ஒரு தமிழ்ச் சொல்லைப் பிடித்துப் போட்டுவிடும். தோ பாயோ, ஆங் மோ கியோ போன்ற வட்டாரப் பெயர்கள் சிதைவதும் இப்படித்தான்.

பேசுவது யார் என்று பிரித்துக் காட்டாது. ஆகவே குடும்பக் கூட்டத்துக்கு உதவாது, முகப்பில் ஒருவரோடு ஒருவர் பேசத்தான் பொருந்தும். தமிழுக்கு இணையம் வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடித்தளக் கார்நிறுத்தத்தில் அலைவரிசை போனால் எழுத்தும் நின்றுவிடும். எழுத்தாக்கிய பேச்சு தானாகத் தங்காது. அமைப்புகளில் வரலாற்றை இயக்கினால் 3 நாள் இருக்கும், மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தபின் படிக்க அது போதும்.

பலதுறை மருந்தகத்தில் மட்டும் கண்ணை மூடி நம்பாதீர்கள். 'அரை மாத்திரை' திரையில் 'ஆறு மாத்திரை' ஆகிவிடலாம். விசைப்பலகைப் படத்தைத் தட்டி, "அரையா, ஆறா? எழுதிக் காட்டுங்கள்" என்று தட்டச்சு செய்து, எழுத்தைப் பெரிதாக்கி மருந்தாளர் பக்கம் திருப்பிக் காட்டுங்கள்.