கடலோர வீட்டுத் தகட்டு வேலைக்கு 316 ரகத் திருகாணி

சிங்கப்பூரின் ஜாலான் புசார் வட்டாரத்து வன்பொருள் கடை ஒன்றில், 4.2 மில்லிமீட்டர் பருமனும் 19 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட, 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள் நூறு அடங்கிய பெட்டியை வாங்கி, பாசிர் ரிஸ் கடலோரத் தரைவீடு ஒன்றின் பின்கட்டில் அலுமினிய நிழற்கூரையைப் பொருத்தி ஓராண்டு கடந்துவிட்டது. சென்ற வாரம் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். ஒரு தலையில்கூடத் துரு இல்லை.

இதே கூரைக்கு முதலில் வேறொரு கடையில், 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் அச்சிட்டிருந்த பெட்டியைத்தான் வாங்கினேன். தானே துளையிட்டு இறங்கும் நுனி என்பதால் வேலை ஒரே பகலில் முடிந்தது. ஐந்தாம் மாதம் பார்த்தபோது, ஒவ்வொரு தலையின் அடியிலிருந்தும் வெள்ளைத் தகட்டின்மேல் வெற்றிலைச் சாறு வழிந்தாற்போல் செங்கோடு இறங்கியிருந்தது. தொட்டால் விரலில் தூளாக ஒட்டியது. மிச்சமிருந்தவற்றின் அருகே காந்தத்தைக் கொண்டுசென்றதும் பட்டென்று பற்றிக்கொண்டன. கடைக்காரரிடம் திரும்பக் கேட்ட பிறகே அவை 410 ரகம் என்று சொன்னார். வெப்பத்தால் கடினமாக்கப்படும் அந்த எஃகு இரும்பைத் துளைக்கும். ஆனால் அதில் குரோமியம் ஏறத்தாழ 12 விழுக்காடுதான், நிக்கல் இல்லையென்றே சொல்லலாம். உப்புக்காற்று அதை விட்டுவைக்காது.

குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காடு கொண்ட 304 ரகம் வீட்டுக்குள் செய்யும் தகட்டு வேலைக்குப் போதும். 316 ரகத்தில் கூடுதலாகச் சேரும் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம்தான், உப்பு குழி பறிக்காமல் தடுக்கிறது. இவ்விரண்டையும் காந்தம் கொண்டு பிரித்தறிய முடியாது. ஆகவே பெட்டியில் 316 அல்லது அதே ரகத்தைக் குறிக்கும் ஏ4 என்ற குறிப்பைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

316 ரகத்தின் குறை, மென்மை. தானாகத் துளையிடாது. நான் தகட்டைத் தாங்கும் சட்டத்தில் 2.5 மில்லிமீட்டர் துளையிட்டு வேகமாக முடுக்கியபோது இரண்டின் தலை முறிந்தது. பிறகு சட்டத்தில் 3.2, மேல்தகட்டில் 4.5 மில்லிமீட்டர் துளையிட்டு, மரையில் சொட்டு எண்ணெய் தடவி, வேகத்தைக் குறைத்து இறக்கினேன். எல்லாம் சீராக அமர்ந்தன. எவர்சில்வர் தகட்டில் எவர்சில்வர் திருகாணியை இறக்குவோருக்கு எண்ணெய் இன்னும் அவசியம், ஏனெனில் மரை கடித்துக்கொண்டால் முன்னும் போகாது, பின்னும் வராது. எஃகுத் தலை நேராகப் பட்டு அலுமினியம் அரிக்கப்படாமலிருக்க ஒவ்வொரு தலைக்கும் கீழே ரப்பர் வாஷர் வைத்தேன்.

விலை கூடுதல்தான். ஆனால் சாளரம் கழன்று விழுந்த சம்பவங்களுக்குப் பிறகு, 2004 அக்டோபரிலிருந்து வெளிப்புறமாகத் திறக்கும் சாளரங்களில் அலுமினிய ரிவெட்டுகளை மாற்றித் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகளைப் பொருத்தச் சட்டம் கட்டாயப்படுத்திய ஊர் இது. தலைக்கு மேலே நிற்கும் தகட்டில் சில வெள்ளியை மிச்சப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. தடித்த இரும்புச் சட்டமாக இருந்தால் மட்டும், 316 உடலும் கடின எஃகு நுனியும் சேர்ந்த இருஉலோகத் திருகாணியைக் கேட்டு வாங்குவேன். மற்ற வெளிவேலைகளுக்கு இதே பெட்டிதான்.