ஹற்றனில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையம்: இரத்தம் எடுத்த விதம் நன்று, அறிக்கை போதாது

எட்டு வாரக் கர்ப்பிணியான என் தங்கையை, டீ.எஸ்.எச். (உடலில் தைரொயிட்டு ஓமோன் போதாதபோது இரத்தத்தில் கூடும் ஓமோன்) பரிசோதனைக்காக டிக்கோயாவிலிருந்து ஹற்றன் நகரிலுள்ள தனியார் நிலையமொன்றுக்கு அழைத்துச் சென்றேன். அவள் மூன்று வருடங்களாகத் தைரொயிட்டு ஓமோனான தைரொக்சின் வில்லை எடுத்து வருபவள்.

இரத்தம் எடுத்த விதத்தில் எந்தக் குறையும் இல்லை. அன்றைய வில்லையை இன்னும் விழுங்கவில்லை என்பதைக் கேட்டு உறுதிசெய்த பின்னரே அந்தப் பெண் ஊசியைக் கையில் எடுத்தார். குழாயில் ஒட்டிய பெயரையும் வயதையும் தங்கையையே வாசித்துப் பார்க்கச் சொன்னார். மாலையிலேயே அறிக்கையும் கிடைத்தது.

குறை அறிக்கையில்தான். அளவு 3.6, எதிரே 0.4 முதல் 4.5 வரை என்று பொதுவான எல்லை மட்டும் அச்சிடப்பட்டிருந்தது. மேசையில் இருந்தவர் "எல்லாம் நோர்மல்தான், பயப்படாதீங்க" என்றார். ஆனால், ஏற்கெனவே தைரொக்சின் எடுக்கும் கர்ப்பிணிக்கு அது 2.5க்குக் கீழ் இருக்க வேண்டும் என்று சொல்லி, வைத்தியர் அன்றே வில்லையின் அளவைக் கூட்டினார்.

இது சிறிய விடயமல்ல. எட்டு வாரத்தில் குழந்தையின் தைரொயிட்டுச் சுரப்பி இன்னும் வேலையைத் தொடங்குவதில்லை. தாயின் ஓமோனை நம்பியே அதன் மூளை வளர்கிறது. தாயிடமிருந்து வரும் தைரொக்சினிலிருந்து, மூளையிலுள்ள ஒரு நொதியம் ஓர் அயடீன் அணுவைக் கழற்றி, அதனை வீரியம் கூடிய டீ3 என்னும் ஓமோனாக மாற்றுகிறது. அந்த டீ3, கலத்தின் கருவிலுள்ள வாங்கியோடு (ஓமோனை ஏற்கும் புரதத்தோடு) இணைந்து, எந்தப் பரம்பரையலகு எப்போது விழிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. சோடியத்தைக் கலத்துக்கு வெளியேயும் பொட்டாசியத்தை உள்ளேயும் செலுத்தும் நொதியமும், நரம்பு நாருக்கு உறையாக அமையும் மயலினை உருவாக்கும் கலங்களுக்குரிய நொதியங்களும் உரிய வேளையில் போதிய அளவு உருவாவதற்கு இந்த ஓமோன் தேவை. ஓமோன் குறைவோடு வளர்ந்த எலிக்குட்டிகளின் மூளையில் இந்த நொதியங்களின் செயற்பாடு குறைந்திருப்பதை ஆய்வாளர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள். உரிய வேளை தவறிய பின்னர் கொடுக்கும் ஓமோன், விட்டுப்போன எல்லாவற்றையும் ஈடுசெய்வதில்லை.

ஆகவே, பதிவு செய்யும்போதே கர்ப்பமா, எத்தனை வாரம், தைரொக்சின் எடுக்கிறாரா என்று கேட்டு, அதற்குரிய அளவை அறிக்கையில் அச்சிட வேண்டும். கிளினிக்கில் தரும் இரும்பு, கல்சியம் வில்லைகளைத் தைரொக்சினோடு சேர்த்து விழுங்காமல் நான்கு மணித்தியாலம் இடைவெளி விட வேண்டும் என்ற அறிவித்தலையும் அந்தச் சுவரில் ஒட்டலாம். தோட்டங்களிலிருந்து வரும் எத்தனையோ பெண்களுக்கு இதை எவரும் சொல்வதில்லை.

நான்கு வாரம் கழித்து எடுக்கவேண்டிய பரிசோதனைக்கும் அங்கேதான் போவோம். அறிக்கையை மட்டும் மேசையில் விளக்கம் கேட்காமல் நேரே வைத்தியரிடம் கொண்டுபோவோம்.