தமிழ்ப் பேரகராதி இணையப் பதிப்பு: சொல்லுக்குச் சான்று தேடுவோரின் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

ஒரு சொல்லின் பொருளையோ பிறப்பையோ யாராவது கேட்டால், இன்று பலரும் முதலில் திறப்பது சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைத்தான். 1913இல் அமெரிக்க மறைப்பணியாளர் ஜே. எஸ். சாண்ட்லர் தலைமையில் தொடங்கிய பணி இது. 1926 முதல் ச. வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து நடத்தினார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளும் 1939இல் துணைத்தொகுதியும் வெளிவந்தன. ஏழு கனத்த தொகுதிகளில் இருந்ததெல்லாம் இப்போது கைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இது எவ்வளவு பெரிய கொடை என்பது நூலக அலமாரியில் அச்சுப் பிரதியைத் தூக்கிப் புரட்டியவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இந்த அகராதியை வைத்துச் சொல்லப்படும் விடைகளில் பாதிக்கு மேல் அரைகுறையாகவே நின்றுவிடுகின்றன. பொருளை நகலெடுத்து ஒட்டுபவர்கள் அதன் கடைசியில் சான்றைக் காட்டி நிற்கும் அடைப்புக்குறியை விட்டுவிடுகிறார்கள். பேரகராதியின் உயிர் அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது.

‘காசு’ என்ற எளிய சொல்லையே எடுத்துக்கொள்வோம். நாணயம், பொன், மணி என்று பொருள்கள் வரிசையாக வருகின்றன. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடான நாள், மலர், காசு, பிறப்பு என்பதில் வரும் ‘காசு’வும் அங்கே உண்டு. அடுத்து, மேலே சிறிய எண்ணோடு இன்னொரு ‘காசு’ தனித் தலைச்சொல்லாக, அதாவது அகராதியில் தனிப் பதிவாக, நிற்கிறது. அதற்குக் குற்றம் என்று பொருள். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைப் புகழும் ‘மாசறு பொன்னே வலம்புரி முத்தே, காசறு விரையே கரும்பே தேனே’ என்ற இடத்தில் இந்தக் காசுதான் வருகிறது. குற்றமற்ற மணமே என்கிறான் அவன். நாணயக் காசை வைத்துப் பொருள் சொன்னால் அந்த அடியே பாழாகிவிடும். எழுத்தில் ஒன்றாயிருந்து பொருளால் வேறுபடும் சொற்களை அந்தச் சிறிய எண்தான் பிரித்துக் காட்டுகிறது. நகலெடுக்கும்போது அது உதிர்ந்துவிடுவதுண்டு. அதனால் விடை எழுதும்போது ‘காசு, இரண்டாம் தலைச்சொல்’ என்று எழுத்தால் எழுதிவிடுவது நல்லது.

தேடும் முறை. ஆங்கில எழுத்தில் தட்டினால் அகராதியின் ஒலிபெயர்ப்பு முறை தெரிந்திருக்க வேண்டும். சகரத்துக்கு அங்கே ‘சி’ என்ற ஆங்கில எழுத்து நிற்கும். ழ, ற, ன மூன்றுக்கும் அடிக்கோடு இருக்கும். தமிழ் எழுத்திலேயே தட்டுவதுதான் எளிது. வினைச்சொல்லாக இருந்தால் ‘நடந்தான்’ என்று தேடிப் பயனில்லை. ‘நட’ என்ற பகுதியைக் கொடுத்து, அதில் தொடங்கும் தலைச்சொற்களைக் கேட்க வேண்டும். ‘நட-த்தல்’ என்பதன் பக்கத்தில் 12 என்று ஓர் எண் இருக்கும். அது பொருளின் வரிசை எண் அல்ல. அந்த வினை காலம் காட்டும்போது எந்த முறையில் திரியும் என்பதற்கான வகை எண். ‘பன்னிரண்டாவது பொருள்’ என்று எடுத்துக்காட்டுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

கிரந்த எழுத்துச் சொற்களை இரு வடிவிலும் தேட வேண்டும். ‘ஜன்னல்’ கிடைக்காவிட்டால் ‘சன்னல்’ என்று பார்க்கலாம். போர்த்துக்கீசிய ‘ஜனெலா’விலிருந்து வந்த சொல் அது. சாவி, மேசை, அலமாரி ஆகியவையும் அதே கப்பலில் வந்தவை. தேடி முடித்ததும் துணைத்தொகுதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முதன்மைத் தொகுதியில் இருக்கும் சொல்லுக்கே அங்கே புதுப் பொருள் சேர்ந்திருக்கலாம். ‘பேரகராதியில் இந்தப் பொருள் இல்லை’ என்று அடித்துச் சொல்லும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும்.

இனி அந்த அடைப்புக்குறி. சிலப்., புறநா. என்று நூற்பெயரும் எண்ணும் இருந்தால் சொல் பாடலில் வழங்கியதற்குச் சான்று உண்டு. திவா., பிங்., சூடா. என்றிருந்தால் திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் மட்டுமே சான்று. நிகண்டு என்பது செய்யுள் இயற்றுவோருக்காகத் தொகுத்த சொற்பட்டியல். அதில் ஒரு பொருள் இருப்பதாலேயே மக்களோ புலவர்களோ அதை அந்தப் பொருளில் வழங்கினார்கள் என்று முடிவு கட்டக்கூடாது. ‘பழந்தமிழில் இதற்கு இப்படியும் பொருள் உண்டு’ என்று பரவும் பல செய்திகளின் வேரைத் தேடிப்போனால் ஒற்றை நிகண்டு வரியில் போய் முடியும். அப்போது ‘நிகண்டில் மட்டும் காணப்படுவது’ என்று சேர்த்து எழுதுவதுதான் நேர்மை. ஆங்கில ‘டபிள்யூ’ வின்சுலோவின் 1862ஆம் ஆண்டு அகராதியைக் குறிக்கும். ‘ஜே’ யாழ்ப்பாண வழக்கைக் குறிக்கும். நாஞ்சில்நாட்டு வழக்குக்கும் தனிக் குறி உண்டு. வட்டார வழக்கைப் பொதுவழக்காகக் காட்டும் தவறு இந்தக் குறிகளைப் படிக்காததால் நேர்வது.

நூற்பெயர் இருந்தால் மூலத்துக்குப் போய்ப் பார்க்காமல் விடை தரக்கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் என்று போவதற்கு இடங்கள் இருக்கின்றன. அங்கே தேடும்போது கிடைக்காமல் போவதற்கு மூன்று காரணங்களை மீண்டும் மீண்டும் காண்கிறோம்.

முதலாவது சந்தி. புறநானூறு 192ஆம் பாட்டை ‘யாதும் ஊரே’ என்று தேடினால், சீர் பிரித்து ‘யாது மூரே யாவருங் கேளிர்’ என்று பதிப்பித்த மின்னூலில் அகப்படாது. சொல்லின் முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் சந்தியில் மாறக்கூடியவை என்பதால் நடுப்பகுதியை மட்டும் கொடுத்துத் தேட வேண்டும். அடுத்தது எழுத்துக் குறியீடு. ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டி வைத்திருப்பார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை வேறு. துணைக்காலுக்குப் பதில் ‘ர’ வந்திருப்பதும் இப்படித்தான். ‘ஔவை’, ‘ஔடதம்’ போன்றவற்றை இரு வகையிலும் தேடிப் பார்ப்பது வழக்கமாகிவிட வேண்டும். மூன்றாவது, 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. பழைய ணா, றா, னா, லை, ளை வடிவங்களை எழுத்துணரி மென்பொருள் தாறுமாறாகப் படித்திருக்கும். அங்கே தேடலை நம்பாமல் பக்கப் படத்தைத் திறந்து கண்ணால் படிப்பதே வழி.

எண்களிலும் ஒரு கண்ணி உண்டு. தேவாரத்துக்குப் பேரகராதி தரும் எண்கள் பழைய பதிப்பைச் சார்ந்தவை. திருமுறை, பதிகம், பாடல் என்ற இன்றைய முறைக்கு அவை நேராகப் பொருந்தா. அப்படியே எடுத்து எழுதினால் படிப்பவர் அலைய வேண்டியிருக்கும். பாடலின் முதற்சீரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் கண்டுபிடித்துவிடுவார்.

சொற்பிறப்பு என்று வந்தால் பேரகராதியை மட்டும் நம்பி நிற்க முடியாது. வடமொழி மூலம் காட்டுவதில் அது தாராளமாக நடந்துகொண்டது என்பது தேவநேயப் பாவாணர் காலம் தொட்டு உள்ள குற்றச்சாட்டு. அவர் தலைமையில் 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தொடங்கியது. அதன் முதல் மடலம் (தொகுதி) அவர் மறைந்த பிறகு 1985இல் வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. அத்துடன் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியையும் திறக்க வேண்டும். ஒரு சொல்லுக்குக் கன்னடத்திலும் தெலுங்கிலும் மட்டுமின்றித் தொதவம், கோண்டி போன்ற மொழிகளிலும் உறவு உண்டா என்று அது காட்டும். அந்த நூலை மேற்கோள் காட்டும்போது பதிப்பாண்டு கட்டாயம். 1961ஆம் ஆண்டுப் பதிப்பின் எண்களும் 1984ஆம் ஆண்டுப் பதிப்பின் எண்களும் வேறு வேறு. ‘மீன்’ 1984 பதிப்பில் 4885; முதற்பதிப்பில் அந்த எண்ணைத் தேடினால் ஏமாற்றம்தான். பேரகராதி பிறப்புக் காட்டும் இடத்தில் ‘ஒருவேளை’, ‘ஒப்புநோக்குக’ என்று ஆங்கிலச் சுருக்கத்தில் எழுதியிருந்தால் அதை உதிர்த்துவிட்டு ‘இதிலிருந்து வந்தது’ என்று உறுதியாக எழுதுவது பெரும்பிழை. தொகுத்தவர்கள் தயங்கிய இடத்தில் நாமும் தயங்கத்தான் வேண்டும்.

மறுபடியும் காசுக்கு வருவோம். ஆங்கில ‘கேஷ்’ தமிழ்க் காசிலிருந்து வந்தது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு. ரொக்கம் என்ற பொருளில் வழங்குவது, பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது; அதன் மூலம் இலத்தீன். சிறு நாணயத்தைக் குறிக்கும் கேஷ்தான் போர்த்துக்கீசியர் வாய்வழியே காசிலிருந்து போனது. கிழக்கிந்தியக் கும்பினியாரின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1886இல் வெளிவந்த, இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்த இரண்டையும் பிரித்தே காட்டுகிறது. அதன் 1903ஆம் ஆண்டுப் பதிப்பும் அதே சிகாகோ தளத்தில் இருக்கிறது. பெருமைக்காக இரண்டையும் ஒன்றாக்கினால், உண்மையிலேயே நம்முடையதாக இருக்கும் கேஷையும் சேர்த்து ஐயத்துக்கு உள்ளாக்குகிறோம்.

அதே தளத்தில் இருக்கும், ஜெர்மானிய மறைப்பணியாளர் ஃபப்ரீஷியஸ் தொகுத்த தமிழ்-ஆங்கில அகராதியைக் கவனத்தோடு கையாள வேண்டும். அதன் முதற்பதிப்பு 1779. இணையத்தில் இருப்பதோ 1972இல் தரங்கம்பாடியில் வெளியான விரிவாக்கப் பதிப்பு. ‘1779லேயே இந்தச் சொல் இருந்தது’ என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இன்றைய வழக்குக்குப் பேரகராதியைத் திறப்பதே வீண். அதற்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இருக்கிறது. 1992, 2008, 2020 என்று மூன்று பதிப்புகள் வந்துள்ளன. எடுத்துக்காட்டு வாக்கியங்களும் இலங்கை வழக்கும் அதில் உண்டு, சொற்பிறப்பு இல்லை.

விடையை எழுதும் வடிவம் எளியது: ‘காசு, இரண்டாம் தலைச்சொல்: குற்றம். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி. ஆட்சி (சொல் வழங்கிய இடம்): சிலப்பதிகாரம், மனையறம்படுத்த காதை, 73–74, காசறு விரையே.’ இதனோடு அகராதியின் பக்க எண்ணையும், மூலத்தை எந்தப் பதிப்பில் பார்த்தோம் என்பதையும் சேர்க்க வேண்டும். தளத்தின் இணைப்பை மட்டும் கொடுத்தால், முகவரி மாறும் நாளில் விடையும் செத்துவிடும். பக்க எண் இருந்தால் அச்சுப் பிரதியில் தேடுபவருக்கும் அது உதவும்.