பதினைந்து வருடக் கூட்டு வேலை: கிளிநொச்சியிலிருந்து ஒரு அனுபவம்

வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றோடு எங்கள் சிறிய உள்ளூர் அமைப்பு சேர்ந்தது 2010 இல். முதல் ஒப்பந்தம் வெறும் ஆறு மாதத்துக்கு. இன்றும் சேர்ந்துதான் வேலை செய்கிறோம். புதிதாகப் பங்காளி தேடும் அமைப்புகள் எங்களிடம் அடிக்கடி விசாரிப்பதால் எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் எங்கள் சனத்துக்கு நம்பிக்கையே இருக்கவில்லை. 2008 செப்டெம்பரில் அரசாங்கம் சொன்னதும் ஐ.நா.வும் வெளிநாட்டு நிறுவனங்களும் வன்னியை விட்டுப் போயின. "போகாதேங்கோ" என்று ஐ.நா. அலுவலக வாசலில் நின்று கெஞ்சியவர்கள்தான் யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து தறப்பாளோடு ஊருக்குத் திரும்பி வந்தார்கள். மறுபடியும் ஒரு வெள்ளை வாகனம் வந்து நின்றால் அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

முதல் வேலை கிணறு இறைப்பு. கண்ணிவெடி அகற்றியதற்கான சான்றிதழ் வந்த பிறகுதான் வளவுக்குள் காலே வைக்கலாம். ஒரு வளவுக் கிணற்றிலிருந்து சைக்கிள் சட்டம், கிழிந்த பாய், ஒரு பிள்ளையின் புத்தகப்பை என்று ஒவ்வொன்றாக மேலே வந்தன. வீட்டுக்கார அம்மா பையை மட்டும் வாங்கித் தண்ணீரில் அலசி வேலியில் காயப்போட்டார். யாருடையது என்று நாங்கள் கேட்கவில்லை. இறைத்து, கட்டு தேய்த்து, குளோரின் போட்டு மூடினோம். எவ்வளவு குளோரின் என்பது அவர்களின் பொறியியலாளருக்குத் தெரியும். எந்தக் கிணறு ஆவணியில் உவர்க்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீர் என்ற ஸ்பியர் அளவை (மனிதாபிமான உதவிக்கான சர்வதேசத் தரம் அது) வைத்து அவர் போட்ட கணக்கு, நாங்கள் உவர்க் கிணறுகளைக் கழித்த பிறகு பாதியானது. அவர் கோபிக்கவில்லை, திட்டத்தை மாற்றினார். இவர்களோடு நீண்ட நாள் போகலாம் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான்.

2012 இல், யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த பெரிய முகாமான மெனிக் பாம் மூடப்பட்டது. நாடும் நடுத்தர வருமான நாடு என்ற பட்டியலில் இருந்தது. நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. எங்களுக்கும் எட்டு மாதம் எந்தத் திட்டமும் இல்லை. அந்த எட்டு மாதமும் எங்கள் கணக்காளரின் சம்பளம், ஒரு கள உத்தியோகத்தரின் சம்பளம், அலுவலக வாடகை மூன்றையும் பங்காளி நிறுவனம் தந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் அது வராமல் இருந்திருந்தால் எங்கள் கதவு சாத்தப்பட்டிருக்கும். திட்டம் இருக்கும்போது எல்லோரும் பணம் தருவார்கள். திட்டம் இல்லாத மாதத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

குறைகளும் உண்டு. எங்களிடம் ஐந்து வருடம் பழகிய கள உத்தியோகத்தரை அவர்களே கூடுதல் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளையில் பிழை இல்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் எங்கள் அலுவலகம் ஒரு வருடம் தடுமாறியது. முகம் பார்த்துப் பேசி, ஆறு மாத முன்னறிவித்தல் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தோம். நிர்வாகச் செலவும் அப்படித்தான். திட்டப் பணத்தில் அலுவலகச் செலவுக்கென்று அவர்களுக்கு ஒரு வீதம் இருந்தது, எங்களுக்குப் பூச்சியம். 2016 இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான மாநாட்டில் கொடையாளர்களும் பெரிய நிறுவனங்களும் மனிதாபிமான நிதியில் 25 வீதத்தை உள்ளூர் அமைப்புகளுக்குக் கூடுமானவரை நேரடியாகத் தருவதாக ஒப்புக்கொண்டார்களே, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். அடுத்த வருடத்திலிருந்து எங்களுக்கும் ஒரு பங்கு வருகிறது. 25 வீதம் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது.

சரி, 2022, பொருளாதார நெருக்கடி வந்த வருடம். ஒப்பந்தம் ரூபாயில். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. சீமெந்து விலையைக் காலையில் கேட்டால் மாலையில் வேறு. பிறகு எரிபொருள் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல், அதில் எத்தனை கிராமத்துக்குப் போவது? அவர்கள் கையில் வெளிநாட்டு நாணயம், எங்கள் கையில் தேயும் ரூபாய். மாதாமாதம் பொருள் விலைப் பட்டியல் வைத்திருந்த எங்கள் கணக்காளர் அதை அப்படியே அனுப்பினார். மூன்று கிழமைக்குள் தொகையைத் திருத்தித் தந்தார்கள். எட்டு மாதம் சம்பளம் கொடுத்துத் தக்கவைத்த அதே கணக்காளர்தான் அவர்.

இன்னும் தீராத ஒன்று, அவர்கள் பக்கம் ஆட்கள் மாறுவது. இரண்டு வருடத்துக்கொரு புதிய அதிகாரி, மறுபடியும் முதலிலிருந்து அறிமுகம். இப்போது புதியவர் வந்தால் அலுவலகத்துக்கு முன்பு அந்தக் கிணற்றடிக்குக் கூட்டிப்போகிறோம். அந்த அம்மா காலமாகிவிட்டார். மகள்தான் வாளியில் அள்ளி, செம்பில் ஊற்றிக் கொடுப்பார். குடித்த பிறகுதான் திட்டக் கோப்பைத் திறக்கிறோம்.