கறுப்பு கார், கடலூர் உப்புக்காற்று: ஆறு வருட அனுபவம்

கார் வாங்கி ஆறு வருடம் முடிந்துவிட்டது. மெட்டாலிக் கூட இல்லை, சாதா கறுப்பு. வீடு மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில். தென்பெண்ணைப் பாலம் தாண்டி கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகத் தினமும் போய் வருவதால் மணல் லாரிக்குப் பின்னால் ஓட்டாத நாளே கிடையாது. கறுப்பு வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கார் கவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதிக சேதம் அதனால்தான் வந்தது. வெயில் படக்கூடாது என்று முதல் வருடம் முழுக்க தினமும் கவர் போட்டேன். தேவனாம்பட்டினம் பக்கமிருந்து சாயங்காலம் காற்று கிளம்பினால் கவர் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், உள்ளே ஒட்டியிருந்த தூசி ராத்திரி முழுக்க பெயிண்டைத் தேய்த்திருக்கிறது. பகலில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் பெட்ரோல் பங்கில் நிற்கும்போது மேலே எரிந்த விளக்கின் வெளிச்சம் பானட்டில் விழுந்தது, அதைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள். மனசு விட்டுப்போச்சு. அன்றோடு கவரை எடுத்து வைத்துவிட்டேன், இப்போது தகர ஷெட் நிழல் மட்டும்தான்.

மீதிக் கோடுகள் துடைத்ததால் வந்தவை. காலையில் பழைய பனியனால் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கிளம்புவது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தானே, எங்கள் வீட்டில் அப்பா செய்வார். கறுப்பில் அது ஆகாது. காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று ஒரு கண்ணாடி மாதிரியான படலம் இருக்கிறது, அதன் தடிமன் சுமார் 40, 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உலர்ந்த மணலைத் துணியால் இழுத்தால் கோடு விழுவது அதில்தான். வெள்ளைக் காரிலும் அதே கோடு விழுகிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. பாலிஷ் போட்டு எடுக்கலாமே என்பார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் படலத்திலிருந்து கொஞ்சம் சீவித்தான் எடுக்கிறார்கள், அதனால் நினைத்தபோதெல்லாம் போடுகிற வேலை இல்லை அது. நான் ஆறு வருடத்தில் ஒரே தடவைதான் மெஷின் பாலிஷ் போட்டேன்.

இப்போது வாரம் ஒருமுறை, காலை ஏழு மணிக்குள் கழுவிவிடுகிறேன். துணி படுவதற்கு முன்னால் நல்ல பிரஷரில் தண்ணீர் அடித்து மணல் எல்லாம் ஓடிவிட வேண்டும், முக்கால்வாசி வேலை அதுதான், இதில் அவசரப்பட்டால் பிறகு என்ன ஷாம்பு போட்டும் பிரயோஜனமில்லை. அப்புறம் நுரை அடித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மைக்ரோஃபைபர் கையுறையால் மேலிருந்து கீழே, வட்டமாக இல்லாமல் நேர்கோட்டில் இழுப்பேன். இரண்டு வாளி கட்டாயம், ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் கையுறையை அலசுவதற்கு வெறும் தண்ணீர். கதவின் அடிப்பகுதிக்கும் சக்கரத்துக்கும் வேறு துணி. பெயிண்டுக்கு வைத்திருக்கிற துணி தரையில் விழுந்துவிட்டால், அது அதற்கப்புறம் சக்கரத்துக்குத்தான்.

தண்ணீர் விஷயம் நம் ஊரில் பெரிய தலைவலி. எங்கள் போர் தண்ணீர் உப்பு. வெயிலில் அப்படியே காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி படிந்துவிடும், புதிதாக இருக்கும்போதே வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து ஒற்றி உடனே அலசினால் போய்விடும், நாள்பட்டால் பாலிஷ்தான். ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரைப் பிடித்துக் கழுவச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம், வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. நான் ஐப்பசி, கார்த்திகையில் மாடித் தண்ணீரை இரண்டு டிரம்மில் பிடித்து மூடி வைத்துக்கொள்கிறேன். கடைசி அலசலுக்கு ஒரு வாளி மழைத்தண்ணீர் போதும். பிறகு தடிமனான உலர்த்தும் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுக்கிறேன், தேய்ப்பதில்லை.

சரி, பெயிண்டுக்கு மேல் பூசுகிற செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சு? பாலிஷ் போட்டபோது கூடவே போட்டேன். கோடு விழாது என்று நம்பிப் போடாதீர்கள், உலர்ந்த துணியால் துடைத்தால் அதற்கு மேலேயும் கோடு விழும். அதனால் வரும் நன்மை வேறு: அழுக்கு ஒட்டிப் பிடிக்காது, தண்ணீர் அடித்தாலே பாதி இறங்கிவிடும், தொடுகிற வேலை குறைகிறது. என் காரில் இரண்டு வருடத்தில் தண்ணீர் முத்து முத்தாக உருளுவது குறைந்துவிட்டது. திரும்பப் போடவில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்பிரே சீலன்ட் என்ற தெளிக்கிற பாதுகாப்புப் பூச்சை அடிக்கிறேன், அந்தக் காசுக்கு இதுவே எனக்குப் போதுமாக இருக்கிறது. கல் தெறிப்புக்குத் தாங்க வேண்டுமென்றால் பிபிஎஃப் (பெயிண்டுக்கு மேல் ஒட்டுகிற தடித்த பிளாஸ்டிக் ஃபிலிம்) ஒன்றுதான் வழி, பானட்டுக்கும் முன் பம்பருக்கும் மட்டுமாவது ஒட்டியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

பறவை எச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு வைத்து, அப்படியே தூக்கி எடுங்கள். கறுப்பு பானட் மே மாத மத்தியானத்தில் கை வைக்க முடியாத சூடு இருக்கும், அந்தச் சூட்டில் எச்சம் பெயிண்டை அரிக்க ரொம்ப நேரம் ஆகாது.

ஆயுத பூஜை சந்தனமும் இதே கதைதான். ஒரு வருடம் பானட்டில் காய்ந்து போனதை அப்பா நகத்தாலும் துணியாலும் எடுத்தார், அந்த இடம் மட்டும் மங்கிவிட்டது. போன வருடம் அவரிடம், "அப்பா, பொட்டைக் கண்ணாடியில வெச்சிடுங்க, நம்பர் பிளேட்லயும் வெச்சுக்கலாம்" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாமிக்கு எங்க வெச்சா என்னப்பா" என்று கண்ணாடியிலேயே வைத்தார்.