6 வாரக் காதல் எழுத்து வகுப்பு: சேர்ந்தேன், முடித்தேன், சொல்கிறேன்

கொலை எழுதுவேன். துரோகம் எழுதுவேன். சாவு வீட்டுக் காட்சி என்றால் ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். காதல் மட்டும் எனக்கு வராது. என் நாவலின் கைப்பிரதியைப் படித்த நண்பர்கள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் மழுப்பினார்கள். "அந்த லவ் போர்ஷன் மட்டும் கொஞ்சம்..." என்று இழுத்துவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். அந்த எரிச்சலில்தான் இந்த இணையவழி வகுப்பில் சேர்ந்தேன். 6 வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேர நேரலை, 12 பேர். நாம் எழுதியதை ஆசிரியை 3 முறை படித்துக் கருத்துச் சொல்வார் என்பது பேச்சு. நடத்துபவர்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை, திட்டுவதற்கும் சில விஷயங்கள் இருப்பதால்.

முதல் வாரத்துக்குப் போகாமல் இருந்தாலும் குடி முழுகியிருக்காது. பகையில் தொடங்கும் காதல், நட்பில் தொடங்கும் காதல், பிரிந்தவர் சேரும் காதல் என்று ஒரு பட்டியல். கதை படிக்கிற எவருக்கும் தெரிந்ததுதான்.

இரண்டாம் வாரம்தான் எனக்கு அடி விழுந்தது. சேதுவும் வாணியும் மழைக்கு ஒதுங்கி ஒரு கூரையின் கீழ் நிற்கும் காட்சியை அனுப்பியிருந்தேன். 42 வரி. மின்னல், நனைந்த தோள், தயங்கிய விரல்கள், எல்லாம் உண்டு. ஆசிரியை அதைத் திரையில் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த மழையில சேதுவுக்குப் பதிலா வேற ஒருத்தன் நின்னிருந்தா, எத்தனை வரிய மாத்தணும்?"

எண்ணிப் பார்த்தேன். இரண்டு. ஒன்றில் அவன் பெயர் இருந்தது, இன்னொன்றில் அவன் மீசை.

வாணிக்குச் சேதுவைப் பிடித்திருக்கிறது என்று நான்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, அவளுக்கு அவனைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அவனுக்கும் அப்படித்தான். அழகான இரண்டு பேரை நனையவிட்டு, வாசகர் மிச்சத்தை நிரப்பிக்கொள்வார் என்று விட்டிருக்கிறேன்.

அந்த வாரப் பயிற்சி இது: காதல், இதயம், உயிர், கண்கள் ஆகிய நான்கு சொற்களும் இல்லாமல் அதே காட்சியைத் திரும்ப எழுத வேண்டும். மற்றவரைப் பற்றி ஒருவர் மட்டும் கவனித்துவைத்திருக்கும் ஒரு விஷயம் அதில் இருக்க வேண்டும். நான்கு நாள் உட்கார்ந்தேன். கடைசியில் மழையைத் தூக்கிவிட்டேன். வாணிக்கு இடது காது சரியாகக் கேட்காது என்று வைத்துக்கொண்டேன். அவள் யாரிடமும் சொன்னதில்லை. சேது எப்போதும் அவளுடைய வலப்பக்கமாகவே நடக்கிறான், அவனும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஒருநாள் இருவருக்கும் கடுமையான வாக்குவாதம். அவன் விருட்டென்று முன்னால் போகிறான், பத்தடி தள்ளி நிற்கிறான். அவள் வந்து சேர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டே அவளுக்கு வலப்பக்கம் மாறி நடக்கிறான். அவ்வளவுதான் காட்சி. 42 வரி 15 வரியாகிவிட்டது. வகுப்பில் படித்தபோது ஒருவர், "அவனுக்கு இது எப்போ தெரிஞ்சது?" என்று கேட்டார். என் கதையில் காதல் பகுதியைப் பற்றி யாராவது கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. வகுப்புக்குக் கட்டிய பணம் அந்த ஒரு கேள்வியிலேயே வசூலாகிவிட்டது என்பேன்.

மூன்றாம் வாரமும் நன்றாகவே போனது. ஜான் காட்மன் என்ற உளவியலாளர் புதுமணத் தம்பதிகளைக் கவனித்துச் செய்த ஆய்வை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் "அதோ பார்" என்று ஜன்னல் பக்கம் காட்டுகிறார். மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா, தன் வேலையிலேயே மூழ்கிக் கிடக்கிறாரா? இப்படிச் சின்னச் சின்ன அழைப்புகளை எண்ணியிருக்கிறார். 6 வருடம் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்தே வாழ்ந்தவர்கள் 100-க்கு 86 முறை திரும்பிப் பார்த்தவர்கள், விவாகரத்து ஆனவர்கள் 33 முறைதான். எண்களைவிட எனக்குப் பிடித்தது, அது உரையாடல் எழுதக் கொடுக்கும் வசதி. ஒரு உறவு முறிவதைக் காட்டப் பாத்திரம் பண்டம் உடைய வேண்டியதில்லை. அவள் ஒரு பறவையைக் காட்டுகிறாள், அவன் "ம்" என்கிறான். மூன்று அத்தியாயத்தில் மூன்று "ம்" போதும்.

நான்காம் வாரம் ஆர்தர் ஆரனும் அவருடைய குழுவினரும் 1997-ல் வெளியிட்ட 36 கேள்விகள். முன்பின் தெரியாத இருவர் முக்கால் மணி நேரத்தில் நெருக்கமாக உணர்வார்களா என்று சோதிக்கத் தயாரித்தவை அவை, காதலை வரவழைக்க அல்ல. ஆசிரியை அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார், அதற்காகவே ஒரு சபாஷ். ஆனால் பயிற்சி சொதப்பல். பாத்திரங்கள் மாறி மாறிப் பதில் சொல்வதுபோல் எழுதச் சொன்னார், 12 பேருடையதும் நேர்காணல் மாதிரி வந்தது. அப்புறம் நானாக ஒரு வேலை செய்தேன். எந்தக் கேள்விக்குச் சேது பொய் சொல்வான், எதற்கு வாணி பேச்சை மாற்றுவாள் என்று மட்டும் குறித்துவைத்தேன். அந்த ஒரு பக்கக் குறிப்பு இப்போதும் மேசையில் இருக்கிறது.

ஐந்தாம் வாரம் பெரிய ஏமாற்றம். தலைப்பு பிரிவும் சண்டையும். கதையின் முக்கால் பாகத்தில் ஒரு தப்பான புரிதல் வர வேண்டும், இருவரும் பிரிய வேண்டும், கடைசியில் ஓடிவந்து சேர வேண்டும் என்று ஒரு வரைபடம் கொடுத்தார்கள். ஒரு போன் செய்தால் தீர்ந்துபோகிற பிரச்சினைக்கு எதற்கு 80 பக்கம்? கேட்டேன். "வாசகர்கள் எதிர்பார்ப்பாங்க" என்றார். ஊடல் என்று ஒரு சொல் வைத்திருக்கிற மொழியில் எழுதுகிறோம். சண்டை வேறு, ஊடல் வேறு, திருக்குறளே ஊடலுவகை என்ற அதிகாரத்தோடுதான் முடிகிறது. ஒன்றரை மணி நேரத்தில் அந்தச் சொல்லை யாரும் உச்சரிக்கவே இல்லை. அவன் செய்தது தப்பு என்று தெரிந்தும், சமாதானத்துக்கு வரட்டும் என்று அவள் காத்திருக்கிற அந்த அரை மணி நேரத்தை எப்படி எழுதுவது? அதைக் கற்கத்தான் நான் போனேன்.

சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு கருத்துரைகள் பிரமாதம், ஓரத்தில் வரிக்கு வரி குறிப்பு. மூன்றாவது 9 நாள் தாமதமாக வந்தது. அதில் "கதாநாயகியின் தங்கை அருமையாக உருவாகியிருக்கிறார்" என்று இருந்தது. வாணிக்குத் தங்கை கிடையாது. கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டு வேறொன்று அனுப்பினார்கள், ஆனால் அதுவும் ஐந்தே வரி. வகுப்புப் பதிவுகள் 30 நாளில் மறைந்துவிடும் என்பதைச் சேரும்போது எங்கேயும் சொல்லவில்லை.

இன்னொரு குறை. 6 வாரமும் எடுத்துக்காட்டாக வந்த ஜோடிகள் எல்லோரும் இருபதுகளில் இருப்பவர்கள், அப்போதுதான் சந்தித்தவர்கள். 20 வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் ஒரே அறையில் பேசாமல் உட்கார்ந்திருப்பதை எழுத யாரிடம் போவது?

முதல் நாவலில் தடுக்கி நிற்பவர்கள் தாராளமாகச் சேரலாம், இரண்டாம் மூன்றாம் வாரங்களுக்காகவே. இரண்டு மூன்று புத்தகம் போட்டவர்கள் யோசித்துச் செய்யுங்கள். எனக்கு இரண்டாம் நிலை வகுப்புக்கு அழைப்பு வந்திருக்கிறது. நடுவயதுத் தம்பதிகளை எடுப்பீர்களா, ஊடல் உண்டா என்று இரண்டு வரி எழுதிக் கேட்டிருக்கிறேன். ஒரு வாரமாகிறது, பதில் இல்லை.