லாரி டிரைவர் விபத்தில் இறந்தால்: ஆறு மாதமா, இரண்டு வருடமா?

நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர்களுக்குப் பாதி வாழ்க்கை வெளி மாநில ரோட்டில்தான். அப்படிப் போனவர் விபத்தில் இறந்து உடலாகத் திரும்பினால், கருமாதி, கடன், பிள்ளைகளின் ஃபீஸ் என்று மாதங்கள் ஓடிவிடும். நஷ்ட ஈட்டு மனு கடைசியில்தான் நினைவுக்கு வரும். எனக்குப் பயம் அங்கேதான்.

வேலையின்போது நடந்த வாகன விபத்துக்கு இரண்டு இடங்களில் கேட்கலாம்: மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம், அல்லது தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 167வது பிரிவுப்படி, இரண்டில் ஒன்றுதான். (இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருந்தவர் என்றால் ஆணையரிடம் போக முடியாது.)

தீர்ப்பாயத்துக்குக் கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். 1994 திருத்தத்துக்குப் பிறகு கெடுவே இல்லாமல் இருந்தது. 2019 திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்து, 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. தாமதத்தை மன்னிக்கும் வாசகமும் அதில் இல்லை. இதை எதிர்த்த வழக்கில், கெடு தாண்டியதாகச் சொல்லி மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. ஆனாலும் இடைக்கால உத்தரவை நம்பி ஒரு குடும்பம் சும்மா இருக்கக் கூடாது.

ஆணையரிடம் இரண்டு வருடம் வரை கேட்கலாம். அதுவும் தாண்டிவிட்டால், தகுந்த காரணம் காட்டினால் ஏற்க அவருக்கு அதிகாரம் உண்டு.

அப்படியென்றால் ஆணையரிடமே நிதானமாகப் போகலாமே? தொகையைப் பாருங்கள். இறந்தவருக்கு 35 வயது, மாதச் சம்பளம் 24,000 ரூபாய், அவரை நம்பி மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா என்று வைத்துக்கொள்வோம். ஆணையர் 15,000 ரூபாய் வரைதான் சம்பளமாக எடுப்பார். அதில் பாதியை, 35 வயதுக்குச் சட்ட அட்டவணையில் உள்ள 197.06ஆல் பெருக்கினால் சுமார் 14.78 லட்சம். தீர்ப்பாயம் முழுச் சம்பளத்தோடு எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி, சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து, வருடக் கணக்கை, அந்த வயதுக்கான எண்ணாகிய 16ஆல் பெருக்கும். சுமார் 48.38 லட்சம் வரும். பெரிய தொகை கிடைக்கும் இடத்துக்குத்தான் சின்னக் கெடு.

ஆனால் அந்தப் பெரிய தொகைக்கு, இன்னொரு வண்டியின் டிரைவர் மீது தவறு என்று காட்ட வேண்டும். லாரி தானாகப் போய் மரத்தில் மோதியிருந்தால் அது நடக்காது. தவறு பார்க்காமல் தரும் 164வது பிரிவிலோ மரணத்துக்கு 5 லட்சம்தான். ஆணையரிடம் யார் தவறு என்ற கேள்வியே இல்லை. முதலாளி ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டியும் சேரும்.

அதனால் முதலில் எஃப்.ஐ.ஆர் நகலை வாங்கிப் படியுங்கள். எதிர் வண்டி மீது தவறு என்றால், முதல் மாதத்திலேயே வக்கீலைப் பார்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். இல்லையென்றால் ஆணையர்தான். அவசரத்தில் தப்பான இடத்தில் மனுப் போட்டுவிட்டால் மற்றதைப் பிறகு கேட்க முடியாது.

விபத்து மகாராஷ்டிராவில் நடந்திருந்தாலும் அங்கே அலைய வேண்டாம். குடும்பம் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு மனுவில் எதையும் போடலாம்.